மறு: பூ உலர்த்தும் மணிகளுக்குப் பொதுப்பெயர்: உலர்த்தியா, உணக்கியா?

அன்புள்ள குழுவினருக்கு,

தோட்டக் கையேட்டில் பூ உலர்த்தும் இயல் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது 'காற்றுலர்த்தல்', தாள்களுக்கிடையே வைப்பது 'அழுத்தியுலர்த்தல்'. இவற்றில் சண்டை இல்லை. பூவைப் புதைத்து அதன் ஈரத்தை இழுக்கப் பயன்படும் சிலிக்கா ஜெல் மணிகள், போராக்ஸ் தூள் போன்றவற்றுக்கான பொதுப்பெயர்தான் இழுபறி.

> 'உலர்த்தி' போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் மின்கருவிக்குப் போய்விட்ட சொல். "ரோஜாவை உலர்த்தியில் புதைக்கவும்" என்று எப்படி எழுதுவது? டப்பாவின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணிகளைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழிடுக்குகளில் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பூ மறைந்ததும் காற்றுப் புகாமல் மூடுகிறோம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இதழ் சுருங்காமல் காய்ந்துவிடும்.

> ஐயா, 'ஈரமுறிஞ்சி' என்று முதல் மடலிலேயே சொன்னேனே?

சொன்னீர்கள் அம்மா. ஆனால் சிலிக்கா ஜெல் ஈரத்தைத் தன் நுண்துளைப் பரப்பில் பிடித்து வைக்கிறது. வேதியியலில் அது பரப்புக் கவர்தல், உறிஞ்சுதல் வேறு. 'ஈரங்கவரி' என்று திருத்தினால் கவரிமான் வந்து நிற்கிறது.

> 'உணக்கி'. அடங்கு–அடக்கு போல உணங்கு (காய்)–உணக்கு (காயவை). மலையாளத்தில் இன்றும் வழங்குகிறது.

என் மனம் இதில்தான். தன்வினை, பிறவினை இரண்டும் கைக்கு வந்துவிடுகின்றன. உணங்கிய பூ, உணக்கும் மணி. ஆனால் கையில் டப்பாவோடு நிற்பவருக்கு அகராதியைக் கொடுக்க முடியாது.

> உலர்ந்த பூவுக்குச் 'செம்மல்' இருக்கிறதே! அரும்பு, போது, மலர், வீ, செம்மல்...

செம்மல் வாடிய பூ. வாடலில் ஈரம் மிச்சமிருக்கும், தொட்டால் துவளும். உலர்ந்தது நொறுங்கும். தவிர, செம்மல் என்றதும் செக்கிழுத்த வ.உ.சி.தான் நினைவுக்கு வருவார். 'உலர்மலர்' என்றே விடுகிறேன்.

சரி, வந்த மடல்களில் பெரும்பாலானவை ஈரமுறிஞ்சிக்கே. அதையே உள்ளே போட்டு, சொல்லடைவில் உணக்கியையும் சேர்க்கிறேன். உறிஞ்சுதல் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அப்புறம், ஈரம் ஏறியதும் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் மணிகளுக்கு 'ஈரங்காட்டி' என்று எழுதியிருக்கிறேன். மாற்று இருந்தால் நாளை மாலைக்குள் அனுப்புங்கள்.