கியர் ஆயிலும் புனலூர்ப் பயணமும்: செங்கோட்டை வீட்டுக் குழு

*ஞாயிறு*

*பெரியப்பா, இரவு 7:40*
புளியரை எஸ் வளைவு தாண்டி ஏறும்போது வண்டி நடுங்குகிறது. கியர் டி-யில்தான் (தானாக மாறும் நிலை) போட்டிருந்தேன். ஓடியது 1,87,000 கி.மீ. இரண்டு வாரத்தில் புனலூர் நிச்சயதார்த்தம், எல்லாரும் இதில்தான் போக வேண்டும்.

*புனலூர் அத்தை, 7:44*
அய்யோ அண்ணாச்சி, ஆரியங்காவு காட்டுக்குள்ளே நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆச்சியை மட்டும் ரயிலில் ஏற்றிவிடுங்கள். பதிமூன்று கண் பாலத்தையும் பார்த்துக்கொண்டே வரட்டும்.

*தென்காசி மாமா, 7:51*
அத்தான், இது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கோளாறு. மெஷின் வைத்து ஃப்ளஷ் அடித்தால் ஒரே மதியத்தில் பழைய ஆயில் எல்லாம் வெளியே வந்துவிடும். நாளைக்கே சொல்கிறேன்.

*சித்தப்பா, 7:53*
அந்த ஆயிலை மாற்றவே வேண்டாம், வண்டி இருக்கும்வரை அதுவும் இருக்கும் என்றுதானே விற்கும்போது சொன்னார்கள்?

*நான், 7:58*
வண்டி எத்தனை வருஷம் இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லையே சித்தப்பா. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்தே பேர் வாங்கிய ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கி.மீ. ஓடாவிட்டாலும் எட்டு வருஷத்தைத் தாண்டக் கூடாதாம். பெரியப்பா வண்டி ஒரு முறைகூட மாற்றாமல் 1,87,000. அதுவும் பாதி ஓட்டம் மலைப்பாதையில், பாறைப்பொடி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து.

*பட்டறை அண்ணன், 8:20*
இப்போதுதான் பார்த்தேன். மாமா, ஃப்ளஷ் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பெரியப்பா, நடுக்கம் எப்படி வருகிறது? ரோட்டில் வரிசையாகப் போட்டிருக்கும் மேட்டுக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் தடதடவென்றா? இல்லை, மிதிக்க மிதிக்க என்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகராமலா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்-னிலிருந்து (நியூட்ரல்) டி போட்டால் உடனே பிடிக்கிறதா, நேரம் எடுக்கிறதா?

*பெரியப்பா, 8:31*
🎤 குரல் பதிவு 2:14

*நான், 8:36*
கேட்க நேரமில்லாதவர்களுக்கு: தடதடவென்றுதான் வருகிறதாம், 50-60 வேகத்தில், லேசாக மிதித்திருக்கும்போது. டி போட்டால் உடனே பிடிக்கிறதாம். மிச்சம் ஒன்றரை நிமிஷம் கோட்டைவாசலில் டீ விலை ஏறியது பற்றி.

*பட்டறை அண்ணன், 8:49*
அப்படியென்றால் பயப்பட வேண்டாம். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு கிளட்ச் உண்டு. வேகம் ஒரு அளவு வந்ததும் அது பூட்டிக்கொள்ளும். வழுக்காமல், இழுத்துப் பிடிக்காமல் மெதுவாகப் பூட்டுவதற்கு ஆயிலில் ஒரு மருந்து கலந்திருக்கும். ஆயில் வெந்து வெந்து அந்த மருந்து செத்துவிட்டால் கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்கும். புது ஆயிலில் பெரும்பாலும் சரியாகிவிடும். என்ஜின் மட்டும் கத்தி வண்டி நகராதிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், எந்த ஆயிலை ஊற்றினாலும் பயனில்லை.

*தென்காசி மாமா, 8:55*
சரி, ஆயில்தான் என்று நீயே சொல்கிறாய். பிறகு ஃப்ளஷில் என்ன குற்றம்?

*பட்டறை அண்ணன், 9:03*
முறையாக மாற்றி வந்த வண்டிக்கு நானே செய்திருக்கிறேன் மாமா. இது இத்தனை வருஷம் தொடாத பெட்டி. அடியில் என்ன படிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் அந்த மண்டி கிளம்பி ஆயிலை வழிமாற்றி கியரை மாற்றவைக்கும் வால்வ் பாடியின் சின்ன சின்ன ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றிப் பார்ப்போம். தானாக வடிவது எவ்வளவோ அவ்வளவு மட்டும் மாற்றுவோம்.

*சித்தப்பா, 9:10*
என் வண்டியும் ஆட்டோமேட்டிக்தானே. அதையும் சேர்த்துப் பார்த்துவிடு.

*பட்டறை அண்ணன், 9:12*
சித்தப்பா, உங்களுடையது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்க உங்கள் காலுக்குப் பதில் ஒரு மெஷின் இருக்கிறது, அவ்வளவே. இந்தச் சிவப்பு ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள்.

*சித்தப்பா, 9:13*
விற்றவன் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொன்னான் 😐

*புதன்*

*பட்டறை அண்ணன், காலை 10:35*
📷 படம்
வேலை ஆரம்பித்தாயிற்று. ஊற்றுகிற நட்டைத்தான் முதலில் கழற்றினேன். வடிக்கிற நட்டை முதலில் திறந்து, அப்புறம் ஊற்றுகிற நட்டு துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி ஜாக்கி மேலேயே நிற்க வேண்டியதுதான்.

*பட்டறை அண்ணன், 11:20*
📷 படம்
சேம்பருக்குள் இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி படிந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மாவு போல இருக்கிறது, குத்தவில்லை. இது தேய்மானத் தூள், இவ்வளவு ஓடிய வண்டியில் இருக்கும். சில்லு சில்லாக இரும்பு கிடைத்திருந்தால் இப்படியே மூடிவிட்டுப் பெரியப்பாவை உட்காரவைத்துப் பேசியிருப்பேன். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். அதுவும் இல்லை.

*பெரியம்மா, 11:24*
வடிந்த ஆயில் கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கிறதே! சிவப்பு என்றாயே?

*பட்டறை அண்ணன், 11:26*
புதிதில் சிவப்புதான் பெரியம்மா. கருகல் வாடை லேசாக அடிக்கிறது, மோசமில்லை.

*தென்காசி மாமா, 11:31*
என் கடையில் பவர் ஸ்டீரிங்குக்கு வாங்கிய சிவப்பு ஆயில் இரண்டு டின் சும்மா இருக்கிறது. அனுப்பட்டுமா?

*நான், 11:32*
மாமா 🙏

*பட்டறை அண்ணன், 11:40*
வேண்டாம் மாமா. சிவப்பெல்லாம் ஒன்றில்லை. வண்டிக் கையேட்டில் எந்தத் தர எண் போட்டிருக்கிறதோ அதுதான். டெக்ஸ்ரான் தர ஆயில் கேட்கும் பெட்டிக்கு, சிவிடி என்ற வேறு வகைப் பெட்டியின் ஆயிலை ஊற்றிக் கெடுத்த வண்டி எங்கள் பட்டறைக்கே வந்திருக்கிறது.
வடிந்ததைப் பாட்டிலில் அளந்தேன், 3 லிட்டர். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும். மிச்சம் 5 கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கிறது. புது வடிகட்டி, புது பேக்கிங் போட்டு அதே 3 லிட்டரை ஊற்றுகிறேன். ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை இதேபோல் செய்தால் பழையது கால் பங்குக்கும் கீழே வந்துவிடும்.

*நான், 11:52*
இதில் அளவுக்கோல் கம்பி இல்லையே, சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய்?

*பட்டறை அண்ணன், 12:15*
ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் மாட்டியிருக்கிறேன். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். என்ஜின் ஓட, கியரை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, இந்த வண்டிக்கு ஆயில் சூடு 40 டிகிரி பக்கம் வந்ததும் லெவல் நட்டைத் திறப்பேன். நூல் மாதிரி சொட்டினால் சரி. நன்றாகச் சூடேறிய பிறகு பார்த்தால் ஆயில் விரிந்து தேவைக்கு மேல் கொட்டிவிடும், உள்ளே குறைந்துபோகும். பலர் தப்பு செய்வது இங்கேதான்.

*சித்தப்பா, 12:20*
அந்தப் பழைய ஆயிலை எனக்கு எடுத்து வை. வேலிக்கம்புக்குக் கரையான் வராமல் அடிக்கலாம்.

*பட்டறை அண்ணன், 12:21*
தோட்டத்துக் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது சித்தப்பா. பழைய ஆயில் வாங்குபவர் சனிக்கிழமை வருவார், அவரிடம்தான் கொடுப்பேன்.

*வெள்ளி*

*பெரியப்பா, மாலை 5:05*
ஆரியங்காவு வரை போய்த் திரும்பிவிட்டேன். ஏறும்போது ஒரு இடத்தில் மட்டும் லேசாக நடுங்கியது. முன்பு நாலைந்து இடத்தில் வரும்.

*பட்டறை அண்ணன், 5:18*
பழைய ஆயில் இன்னும் பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறது, அதனால்தான். 500 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இரண்டாவது முறை மாற்றிவிடலாம். மலையில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் டி-யிலேயே விடாதீர்கள், எம்-க்கு (நாமே கியர் மாற்றும் நிலை) தள்ளி இரண்டாவது கியரில் ஏறுங்கள். டி-யில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறிப் போய்த்தான் ஆயில் வேகிறது. இறக்கத்திலும் இரண்டாவதிலேயே இறங்குங்கள், பிரேக்கும் பிழைக்கும்.

*தென்காசி மாமா, 5:30*
ஃப்ளஷ் அடித்திருந்தால் அந்த ஒரு இடத்திலும் வந்திருக்காது.

*பெரியம்மா, 5:31*
தம்பி, நீ முதலில் உன் வண்டி வைப்பரை மாற்று.

*புனலூர் அத்தை, 5:34*
அப்போ ஆச்சி காரில் வருகிறார்களா, ரயிலிலா? இலை எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

*பெரியப்பா, 5:40*
காரில்தான். ஆனால் ஆச்சிக்கு இப்போது ரயில் ஆசை பிடித்துவிட்டது. பாலம் பார்க்க வேண்டுமாம்.