தொப்பூர் இறக்கத்தில் கத்திய பின் பிரேக்

கேள்வி (தர்மபுரி):
வாரம் ஆறு நாள் பைக்கில் சேலம் போய் வருகிறேன். நேற்று தொப்பூர் இறக்கத்தில் பின் டிஸ்க் பிரேக்கை மிதித்ததும் அரிவாளுக்குச் சாணை பிடிப்பதுபோல் சத்தம். பார்த்தால், டிஸ்க்கை இருபுறமும் உரசி நிறுத்தும் பேடுகளில், அவற்றைத் தள்ளும் பிஸ்டன் பக்கத்துப் பேடில் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம். மறுபக்கம் பாதி இருக்கிறது. புதிய பேட் வாங்கிவிட்டேன், பிஸ்டன்தான் உள்ளே போக மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

பதில் (பென்னாகரம்):
முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள், தம்பி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கான கம்பிகள் (பின்கள்) இறுகியிருக்கக்கூடும். கழற்றித் துருவைத் தேய்த்தெடுத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்காமல் தள்ளினால் ரப்பர் சீல் கிழியும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து மெதுவாக நெருக்குங்கள். ஆயில் மேலேறி வழியும், துணி சுற்றுங்கள். டாட் 4 என்ற பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். என் டேங்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பதில் (ஓசூர்):
டிஸ்க்கை நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் புதிய பேடும் வீண். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குகிறீர்களா, பிரேக்கிலேயே தொங்குகிறீர்களா?

கேள்வி கேட்டவர்:
தொங்கியதுதான், ஐயா. காலிப்பர் பின்களில் ஒன்று துருப்பிடித்து ஒட்டியிருந்தது. மாட்டியபின் முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்க, வயிறு கலங்கியது. நின்றபடியே பத்து முறை மிதித்தபின் இறுகியது.