மின்கார் காலத்தில் டீலர் எதற்கு?

வைகைக்கரை (மதுரை)

மின்கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டுச் சென்ற ஆண்டு மதுரையில் மூன்று ஷோரூம்கள் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் காட்சிக்கு நின்ற காரில் சார்ஜ் இல்லை. ஓட்டிப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது இடத்தில், வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் முழு சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்று விற்பனையாளர் தம்பியிடம் கேட்டேன். மேலாளரைக் கேட்டு வருவதாக உள்ளே போனவர், பெட்ரோல் காரின் விலைப்பட்டியலோடு திரும்பி வந்தார். மூன்றாவது இடத்தில், "இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், இப்போதைக்கு டீசல் எடுத்துவிடுங்கள் ஐயா" என்று அக்கறையோடு சொன்னார்கள். கடைசியில் நானே படித்து, நானே கேட்டு விசாரித்துத்தான் வாங்கினேன். டீலர் எனக்குச் செய்த உதவி சாவியைக் கையில் கொடுத்தது மட்டும்.

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் சொந்தக் கடை திறந்து நேரடியாக விற்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்தே இந்தியாவில் நிறுவனத்தின் பெயரில் பில் போடுகிறது. நாடு முழுவதும் ஒரே விலை. பிறகு நடுவில் ஒருவர் எதற்கு? அவருடைய வாடகையை வாங்குகிறவன் ஏன் சுமக்க வேண்டும்?

சிறுவாணி (கோவை)

அவினாசி சாலையில் ஒரு ஷோரூமில் 14 ஆண்டுகளாக சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது தவறு. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு தம்பிக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காக டீலரே வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை.

எங்கள் பிழைப்பு எதில் நடக்கிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. முன்னால் தெரிவது கண்ணாடிச் சுவரும் ஏசியும். சோறு போடுவது பின்பக்கத்தில் வண்டியை ஏற்றிப் பழுது பார்க்கும் ராம்ப். புதிய கார் விற்றால் கிடைக்கும் கமிஷன் சில சதவீதம். பேரம் பேசுகிறவருக்குத் தள்ளுபடி கொடுத்த பிறகு அதிலும் பெரிதாக மிஞ்சாது. அதே கார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எங்களிடம் திரும்பி வரும். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கொஞ்ச காலம் கழித்து ஸ்பார்க் பிளக், அதற்குப் பிறகு கிளட்ச் பிளேட். வாடகையும் சம்பளமும் அந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன. மின்கார் வந்தால் ஏசி ஃபில்டர் மாற்றுகிறோம், பிரேக் ஆயிலும் கூலன்டும் பார்க்கிறோம், டயர்களை இடம் மாற்றுகிறோம், மென்பொருளைப் புதுப்பிக்கிறோம். பிரேக் பேடுகூட எளிதில் தேய்வதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துவிடுகிறது. பில் தொகை பெட்ரோல் காரின் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

செலவு குறைந்ததா என்றால் இல்லை, கூடியிருக்கிறது. 2022இல் எங்கள் ராம்பில் முதல் மின்கார் ஏறிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 20 மெக்கானிக்குகளில் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருவர்தான். தலைமை மெக்கானிக் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்த்தார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று கசிவது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கையுறையை அங்கேயே தூக்கிப் போட வேண்டும். பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது என்பதற்காக. அதன்பின் மிச்ச மின்சாரம் அடங்கட்டும் என்று பத்து நிமிடம் சும்மா நின்றார். டீசல் இன்ஜினில் காதை வைத்தே டேப்பட் கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பயிற்சிக்கும் கருவிக்கும் பணம் போட்டவர் டீலர். 2024இல் நாட்டில் விற்ற 100 கார்களில் மின்கார் மூன்றுகூட இல்லை. அந்த மூன்றுக்காக நாங்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும், வண்டி வராத நாளிலும்.

ஐந்தொகை (சென்னை)

தணிக்கை வேலையில் சில டீலர்களின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். வைகைக்கரை ஐயா சொல்லும் மெர்சிடிஸ் ஏற்பாட்டில் டீலர் ஒழிந்துவிடவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். விற்கும் வரை கார், நிறுவனத்தின் இருப்பாக இருக்கிறது, டீலர் காட்டி விற்று கமிஷன் பெறுகிறார், சர்வீஸும் அவரே. அவர் தலையிலிருந்து இறங்கியது இருப்புக்கான வட்டி.

அந்த வட்டி சாதாரணமானது அல்ல. டீலர் வங்கிக் கடனில்தான் காரை எடுத்து நிறுத்துகிறார். நிறுவனத்தின் கணக்கில் அது அன்றே விற்பனை; டீலரின் கணக்கில் அன்றிலிருந்து வட்டி. 2024 செப்டம்பரில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குரிய இருப்பு தேங்கி நின்றதாகவும், அதன் மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றும் அவர்களுடைய கூட்டமைப்பே அறிவித்தது. அதில் மின்காரின் பங்கு மிகச் சிறிது. ஆகவே, டீலரை நசுக்குவது மின்கார் என்று சிறுவாணி எழுதுவதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது 170 டீலர்கள், 391 கிளைகள் நடுத்தெருவில் நின்றன. அங்கே மின்கார் எங்கிருந்து வந்தது? நிறுவனம் முடிவெடுக்கும், முதல் போட்டவர் சுமப்பார் என்கிற ஒப்பந்தத்தின் நோய் அது.

மின்கார் அந்த நோயைக் கூட்டுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அமெரிக்காவில் 2020இல் காடிலாக் தன் டீலர்களிடம், சார்ஜர், கருவி, பயிற்சிக்கு ஏறத்தாழ 2 லட்சம் டாலர் போடுங்கள், இல்லையென்றால் பணம் வாங்கிக்கொண்டு விலகுங்கள் என்றது. சுமார் 880 பேரில் 150 பேர் விலகினார்கள். விலகுகிறவருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் டீலரின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

முத்துநகர் (தூத்துக்குடி)

எங்கள் ஊரில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த வியட்நாம் நிறுவனம் அமெரிக்காவில் நேரடி விற்பனையில் இறங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு டீலர்களிடம் போனது. இந்தியாவில் தொடக்கத்திலேயே டீலர்களோடுதான் ஒப்பந்தம் போட்டது. மின்காரைத் தவிர வேறு கார் விற்காத நிறுவனத்துக்கே டீலர் வேண்டியிருக்கிறது. நேரடி விற்பனைக்கு ஸ்கூட்டரில் ஓலா எலக்ட்ரிக் இருக்கிறது: 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஓராண்டில் பதிவான புகார்கள் 10,644. பக்கத்துத் தெருவில் டீலர் இருந்தால் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். செயலியின் சட்டையை எப்படிப் பிடிப்பது?

வைகைக்கரை (மதுரை)

முத்துநகர் நண்பரே, அந்தப் புகார்கள் வந்தது விற்ற வேகத்துக்கு ஈடாகப் பழுது பார்க்க ஆளும் இடமும் இல்லாததால். நேரடியாக விற்றதற்கு அது தண்டனை இல்லை. டீலர் இருந்தும் ஆள் இல்லாமல் போகலாம். எனக்கே நடந்தது, சொல்கிறேன்.

ஏப்ரலில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போகும் வழியில் துவரங்குறிச்சியில் தேநீருக்கு நிறுத்தினோம். திரும்பி வந்தால் கார் திறக்கவில்லை. பேட்டரியில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது, ஆனால் ஒரு விளக்குகூட எரியவில்லை. டீலரின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும், மதுரைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க முடியும், வேறு யாரையும் தொட விடாதீர்கள், உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். அம்மாவுக்கு 74 வயது. வெயில் மண்டையைப் பிளந்தது. சாலைக்கு எதிரே டிராக்டர் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, இதற்குள்ளும் சின்ன பேட்டரி ஒன்று இருக்கும், அது செத்திருக்கும்" என்றார். ரிமோட்டுக்குள் மடிந்திருந்த சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, அந்த 12 வோல்ட் பேட்டரிக்குத் தன் பட்டறை பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தார். விளக்குகள் உயிர் பெற்றன. பத்து நிமிட வேலை. ஐம்பது ரூபாய் கேட்டார்.

பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், காரை எழுப்புவது இந்தச் சின்ன பேட்டரிதான் என்று எனக்கு ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. தொலைபேசியில் பேசியவருக்கும் தெரியவில்லை. இப்போது சொல்லுங்கள் சிறுவாணி, நான் யாருடைய வாடகையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

பாலக்கரைப் பட்டறை (திருச்சி)

26 வருடமாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் செய்ததை நானும் செய்வேன், அதற்கு மேல் என்னால் முடியாது. அறிவு போதாமல் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. மின்காரில் ஒரு சென்சார் மாற்றினாலும் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அந்த மென்பொருள் டீலரிடம் மட்டும் இருக்கிறது. கம்பெனிக்கும் டீலருக்கும் சண்டை என்று இங்கே பேசுகிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே நிறுத்தியிருப்பது எங்களை. உத்தரவாதம் முடிந்த பிறகு அந்தக் கார்கள் எங்கே போகும்? எட்டு வருடம் கழித்து நாலாவது கையில் வாங்குகிற ஓட்டுநர் அவினாசி சாலைக்கா போவார்?

ஐந்தொகை (சென்னை)

பட்டறை அண்ணன் சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பதே குற்றம். பிறகு மேல்முறையீடுகள் நீண்டன. மின்காருக்கு அந்தப் பூட்டு இன்னும் இறுகியிருக்கிறது.

சிறுவாணி (கோவை)

வைகைக்கரை ஐயா, துவரங்குறிச்சியில் உங்களுக்கு அந்தப் பதில் சொன்னவர் எங்கள் தொழிலுக்கே தலைகுனிவு தேடித் தந்தார். 12 வோல்ட்டை முதலில் பாருங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கோவைப் பிரிவில் இனி சாவி கொடுக்கும்போதே பானெட்டைத் திறந்து அந்த பேட்டரியைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று நாளைக் காலைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

டீலர் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. விபத்தில் அடிபட்டு பேட்டரிப் பெட்டி நசுங்கிய கார் வந்தால், அதைத் தனியாக நிறுத்தி, சூடேறுகிறதா என்று இரவெல்லாம் காவல் இருக்கிறவர்கள் நாங்கள். அந்த வேலை செயலியில் நடக்காது. ஆனால் மென்பொருளை எங்களிடம் மட்டும் பூட்டி வைத்திருப்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பூட்டில்தான் எங்கள் ராம்ப் இன்னும் நிறைகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பாலக்கரைப் பட்டறை (திருச்சி)

கேட்டதற்குச் சொல்லுங்கள் தம்பி. அந்தக் கையுறை வெளியே கிடைக்குமா? என் மகனும் தொழிலுக்கு வந்துவிட்டான், மின்கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான்.

சிறுவாணி (கோவை)

கிடைக்கும் அண்ணா, 1,000 வோல்ட் தாங்கும் என்று முத்திரை பார்த்து வாங்குங்கள். மேலே போட்டுக்கொள்ளத் தோல் உறையும் சேர்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் கிழிந்துவிடும். ஆனால் கையுறையை மட்டும் நம்பித் தம்பியை இறக்கிவிடாதீர்கள். 12 வோல்ட், பிரேக், சஸ்பென்ஷன், ஏசி ஃபில்டர் எல்லாம் இன்றைக்கே தாராளமாகச் செய்யட்டும். ஆரஞ்சு கேபிள் கண்ணில் பட்டால், முறையாகப் பயிற்சி முடிக்கும் வரை கையை எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைமை மெக்கானிக் வீட்டில்தான் இருப்பார். கோவைக்கு அழைத்து வாருங்கள், பேசி வைக்கிறேன்.