ராணிகள் வெட்டுப்பட்ட பின்னும் சீறிய டிராகன்

ஆளுக்கு 90 நிமிடங்களும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலும் கொண்ட ஓர் ஓபன் சதுரங்கப் போட்டியில், என்னைவிடத் தரப்புள்ளி அதிகமுள்ள ஒருவருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையை ஆடினேன். எதிர்பார்த்தபடியே அவர் அதற்கு எதிரான யுகோஸ்லாவ் தாக்குதல் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, ராணிப் பக்கம் கோட்டை கட்டி, ஹெச் சிப்பாயை முன்தள்ளினார்.

ஹெச் வரிசை திறந்துவிட்டால் கறுப்பு ராஜாவின் கதி என்னவாகும் என்பதற்கு, 1974-இல் மாஸ்கோவில் கார்போவ் கோர்ச்னாயை 27 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டம் ஒன்றே போதும். ஆகவே 12-ஆவது நகர்த்தலில் என் ஹெச் சிப்பாயை ஹெச்5 கட்டத்துக்குத் தள்ளி அவருடைய சிப்பாயைத் தடுத்து, சோல்டிஸ் எனப்படும் வகைக்குள் சென்றேன். அவர் ராஜாவை பி1-க்கு ஒதுக்கினார். சி4-க்குப் பாய்ந்த என் குதிரையை மந்திரியால் வெட்ட, நான் யானையால் திருப்பி வெட்டினேன். அவருடைய குதிரை பி3-க்குப் பின்வாங்கியது, என் ராணி சி7-க்கு வந்தது. அடுத்து அவர் ஜி4 என்று பாய்ந்தார். நான் அந்தச் சிப்பாயை வெட்டியதும், அவர் தயங்காமல் தன் ஹெச் சிப்பாயை ஹெச்5-க்குத் தள்ளினார்.

சி3 குதிரைக்காக யானையைக் கொடுப்பது டிராகன் ஆடுபவர்களுக்குக் கை தானாகப் போகும் தியாகம்தான் என்றாலும், இங்கே நீண்ட நேரம் யோசித்தேன். அவர் பி சிப்பாயால் எடுத்தால் அவருடைய ராஜாவின் அரண் சிதையும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ராணியால் எடுத்தால் ராணிகள் மறைந்து, தாக்குதலும் இல்லாமல், யானைக்குக் குதிரை என்ற நஷ்டம் மட்டும் மிஞ்சுவதுபோல் தோன்றும். பலர் இங்கேதான் பின்வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு. 1995-இல் நியூயார்க்கில் ஆனந்துக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில், இதே ஹெச்5 வகையில் காஸ்பரோவ் ராணிகள் மாறிய பிறகே வென்றார்.

சி3 குதிரையை யானையால் வெட்டினேன், அவரும் ராணியால்தான் எடுத்தார். ராணிகள் மாறியபின் என் குதிரை ஹெச்5 சிப்பாயை விழுங்கியது. அவர் எஃப் சிப்பாயால் ஜி4-இல் வெட்ட, திருப்பி எடுத்த என் மந்திரி டி1 யானையைத் தாக்கியது. ஜி7 மந்திரியோ காவலற்ற சி3 சிப்பாயின் மேல் கண்வைத்திருந்தது. யானையை டி3-க்கு உயர்த்தி இரண்டையும் அவர் காத்துக்கொண்டார். ஆனால் ராஜா பக்கத்தில் அவருக்கு ஒரு சிப்பாய்கூட மிஞ்சவில்லை. என் ஜி சிப்பாயை நிறுத்த அவர் கடைசியில் ஒரு யானையையே கொடுக்க நேர்ந்தது.

ஆட்டம் முடிந்தபின் இருவரும் அமர்ந்து அலசினோம். ஜி4-க்கு முன் மந்திரியை டி4-இல் நிறுத்தி என் ஜி7 மந்திரியின் மூலைவிட்டத்தை அடைத்திருக்க வேண்டும் என்று அவரே முதலில் காட்டினார்; அதற்கு எதிராக எனக்கு நல்ல பதில் எதுவும் கிடைக்கவில்லை.