லேப்டாப்பில் ஐ7 ப்ராசசர் போட்டபின் வேகம் 800 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது, உதவி தேவை
வணக்கம் நண்பர்களே. எச்எம்65 சிப்செட் லேப்டாப். ஐ5-2520எம் (35 வாட்) கழற்றி ஐ7-2670க்யூஎம் (45 வாட்) போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே வகை சாக்கெட்தான், பயாஸும் பெயரைச் சரியாகக் காட்டுகிறது.

லேசான வேலைக்குப் பிரச்சினையே இல்லை. நாலு கோரும் முழுச் சுமையில் ஓடினால் சில விநாடிகளில் பெருக்கி (அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கும் எண்) 8க்கு இறங்கி, 800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகிறது. வெப்பம் 74 டிகிரிதான், இந்தச் சிப்பின் வரம்பு 100. தெர்மல் பேஸ்ட் புதிது, ஹீட்சிங்க் திருகுகளும் எண் வரிசைப்படி இறுக்கியவை. எனவே சூடு காரணமில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்னும் சீக்கிரம் விழுகிறது! அதனால் 65 வாட் அடாப்டர் மீதுதான் என் சந்தேகம்: மின்சாரம் போதவில்லை என்று போர்டே ப்ராக்ஹாட் சிக்னல் (ப்ராசசரை வேகம் குறைக்க வைக்கும் சிக்னல்) கொடுக்கிறதோ? அதே 19 வோல்ட், அதே இணைப்பு முனை உள்ள 90 வாட் அடாப்டர் போட்டு யாருக்காவது சரியாகியிருக்கிறதா? மதர்போர்டின் மின்சுற்று 45 வாட் தாங்காவிட்டாலும் இதே அறிகுறிதான் வருமா? வாங்குவதற்கு முன் இரண்டையும் பிரித்தறிய வழி இருந்தால் சொல்லுங்கள்.