காற்றுப்பாதை உறுப்புகளுக்கான சொற்கள்: 'அகல்வாய்' குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு கார்களில் காற்று உள்ளே வரும் வழியை மேம்படுத்துவது பற்றிய கையேட்டுக்குச் சொற்கள் வேண்டித் தொடங்கிய இந்த விவாத இழையை முழுமையாகப் படித்தேன். ஏர் ஃபில்டருக்குக் 'காற்று வடிகட்டி' போதும் என்று பெரும்பாலோர் கருதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் ஊன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் காற்று நுழையும் மூக்கு, தகரக் கூடு, உள்ளே இருக்கும் தாள், கூட்டுக்குள் மறைந்திருக்கும் கார்புரேட்டரின் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கருவியின்) வாய் ஆகிய நான்கையும் அந்த ஒரே சொல் சுமந்துகொண்டிருக்கிறது. எந்த உறுப்பை மாற்றினால் என்ன பயன் என்று வாங்குபவருக்கு விளக்க வேண்டுமானால், நான்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதே என் கருத்து.

எடுத்துக்காட்டாக, 1959-இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வெளியிட்ட, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் 848 சிசி எஞ்சின் குறுக்காக அமர்ந்திருப்பதால், கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பின்னால், பயணியர் அறையின் தடுப்புச் சுவரை ஒட்டிய குறுகிய இடத்தில் இருக்கிறது. வட்டமான தகரக் கூடும், அதிலிருந்து நீளும் மூக்கும் அந்த இடுக்கில்தான் பொருந்த வேண்டும். அந்த மூக்கைக் குளிர்காலத்தில் புகைபோக்கிப் பன்மக்குழலின் (எஞ்சினின் சூடான புகையைத் திரட்டி வெளியேற்றும் குழலின்) அருகிலும், கோடையில் அதிலிருந்து விலக்கியும் திருப்பிவைக்கும் வசதி இருந்தது. ஈரக்குளிரில் கார்புரேட்டருக்குள் பனி உறைவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூம்பு வடிகட்டியைப் பொருத்துபவர் இந்த வசதியையும் சேர்த்தே எறிகிறார். ஆகவே 'காற்று மூக்கு', 'வடிகட்டிக் கூடு' என்னும் இரு சொற்களையும் கையேட்டில் பிரித்தே ஆள வேண்டும்.

உள்ளே இருக்கும் பொருளுக்கு 'வடிதிரை' என்ற சொல்லை முன்மொழிகிறேன். மடித்த காகிதம், எண்ணெய் தடவிய பருத்தி வலை, நுரைப்பஞ்சு ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். காகிதத் திரை அழுக்கேறினால் மாற்றப்பட வேண்டியது. பருத்தித் திரையைக் கழுவி, உலர்த்தி, அளவாக எண்ணெயிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். விளம்பரங்களில் வரும் 'உயர்பாய்வு' என்ற அடைமொழியைச் சொற்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற நண்பரின் கருத்தை வழிமொழிகிறேன். மினியின் பிற்கால வகைகளில் வந்த 1275 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில், ஒவ்வோர் உருளையும் முழுமையாக நிரம்பினாலும், நிமிடத்துக்கு 3825 லிட்டர் காற்றையே இழுக்கும்; 848 சிசி எஞ்சின் 5500 சுற்றில் ஏறத்தாழ 2330 லிட்டர் இழுக்கும். இந்த அளவை ஒரு திரை தடையின்றித் தருகிறதா என்பதுதான் கேள்வி. தூய்மையான, போதிய பரப்புள்ள காகிதத் திரையே அதைத் தந்துவிட்டால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய பருத்தித் திரையாலும் அதற்கு மேல் தருவதற்கு ஒன்றும் இல்லை.

இனி, இழையில் அதிகம் விவாதிக்கப்பட்ட உறுப்புக்கு வருகிறேன். கார்புரேட்டரின் வாயில் பொருத்தப்படும், வெளிப்புறம் விரிந்து உட்புறம் ஒடுங்கும் அந்தச் சிறு குழலை ஊமத்தம்பூவோடு ஒப்பிட்டால் எவருக்கும் உருவம் விளங்கிவிடும். பெயர்தான் அமையாமல் இருக்கிறது. 'வெலாசிட்டி ஸ்டாக்' என்பதைத் 'திசைவேக அடுக்கு' என்று பெயர்த்திருப்பது பொருந்தவில்லை. அங்கே ஸ்டாக் என்பது புகைபோக்கியைப் போல் நிற்கும் குழலைக் குறிக்கிறதே தவிர, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதை அன்று. 'ஊதுகுழல்' என்றால் காற்று வெளியே போகிறது என்ற எண்ணம் வரும். இங்கே எஞ்சின் உறிஞ்சுகிறது. 'தாரைக்குழல்' அழகான சொல்தான், ஆனால் எரிபொருள் பீறிடும் ஜெட்டுக்குத் 'தாரை' என்பதை ஏற்கெனவே ஆள்கிறோம். ஒரே கார்புரேட்டருக்குள் இரண்டு தாரைகள் இருந்தால் படிப்பவர் தடுமாறுவார். 'விரிவாய்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனினும் 'விரிவாய்ப் பொருத்துக' என்று ஒரு வரி எழுதினால் அது 'விரிவாக' என்றே படிக்கப்படும்.

எனவே 'அகல்வாய்' என்பதை முன்வைக்கிறேன். அகன்ற வாய் என்று உடனே புரிகிறது. அந்த உறுப்பு எதற்காக இருக்கிறதோ அதையே பெயரும் சொல்கிறது. கூர்விளிம்புள்ள துளைக்குள் காற்று நுழையும்போது, ஓட்டம் விளிம்பிலிருந்து பிரிந்து, உள்ளே ஒரு கழுத்தைப் போல் குறுகிப் பிறகு விரிகிறது. இதனால் ஏற்படும் இழப்பு, ஓட்டத்தின் இயக்க அழுத்தத்தில் (காற்றின் வேகத்துக்கு ஈடான அழுத்தத்தில்) ஏறத்தாழ பாதி. வெறும் குழாய்முனை துருத்திக்கொண்டிருந்தால் இழப்பு அதைவிடவும் கூடும். விளிம்பை நன்கு வளைத்துவிட்டால் அது 20-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது பயன் முழுவதும் வாயின் வளைவில் இருக்கிறது. பெயரில் 'வேகம்' வர வேண்டிய தேவையே இல்லை.

குழலின் நீளத்துக்கு வேறொரு பயன் உண்டு: குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் அழுத்த அலையைச் சாதகமாகத் திருப்பித்தருவது. நீண்ட வகையை 'அகல்வாய்க் குழல்' என்றும், வடிகட்டிக் கூட்டுக்குள்ளேயே அடங்கும் குட்டையான வகையை, அதாவது 'ஸ்டப் ஸ்டாக்' எனப்படுவதை, 'குட்டை அகல்வாய்' என்றும் சொல்லலாம். மினியில் தடுப்புச் சுவர் நெருங்கியிருப்பதால் பெரும்பாலும் பயன்படக்கூடியது பின்னதுதான். அதிலும் ஓர் எல்லை உண்டு. வாய்க்கும் எதிரே உள்ள கூட்டின் சுவருக்கும் இடைவெளி, துளை விட்டத்தில் கால்பங்காக இருந்தால், சுற்றிலும் காற்று நுழையும் பரப்பு துளையின் பரப்புக்குச் சமமாக மட்டுமே இருக்கும். எஸ்.யு. நிறுவனத்தின் ஒன்றரை அங்குலக் கார்புரேட்டருக்கு அது சுமார் 9.5 மில்லிமீட்டர். உண்மையான இடைவெளி இதைவிடத் தாராளமாக இல்லையென்றால், அகல்வாயால் கிடைத்ததைக் கூடு பறித்துக்கொள்ளும்.

'மூச்சுத்துளை' என்ற சொல்லையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். எஸ்.யு. கார்புரேட்டரின் முகத்தில், பெரிய வாயின் ஓரமாகச் சிறு துளைகள் இருக்கும். கார்புரேட்டருக்குள் மேலே ஏறி இறங்கும் பிஸ்டனின் (இது எஞ்சினின் பிஸ்டன் அன்று) அடிப்புறத்துக்கு வெளியழுத்தம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. புது வடிகட்டியின் அடித்தட்டோ, தலைகீழாக வைத்த கேஸ்கட்டோ அவற்றை மூடிவிட்டால், பிஸ்டன் உரிய அளவுக்கு உயராது, கலவை கெட்டுவிடும், குற்றம் வடிகட்டியின் மேல் விழும். கேஸ்கட்டைக் கையில் எடுத்து, அதன் துளைகள் கார்புரேட்டரின் துளைகளோடு நேராகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே திருகாணிகளை முடுக்க வேண்டும். இந்த ஓர் அறிவுரையைப் பிழையில்லாமல் எழுதுவதற்காகவே இச்சொல் தேவை.

கலவையைப் பொறுத்தவரை 'ஏழைக் கலவை', 'பணக்காரக் கலவை' என்பவற்றை விட்டுவிட்டு எரிபொருள் குறைந்ததை 'மெலிந்த கலவை' என்றும் மிகுந்ததைச் 'செறிந்த கலவை' என்றும் ஆளலாம். காற்றுத்தடை குறையும்போது தாரையின் மேல் உறிஞ்சலும் சற்றுக் குறைவதால் கலவை மெலியும். அதனால் வடிகட்டியை மாற்றியவர், தாரையில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியையும் சரிபார்த்து, தேவையானால் செறிவு தரும் வேறோர் ஊசிக்கு மாற வேண்டும். ஊசியின் வகையை அதன் தண்டில் பொறித்த எழுத்துகளே காட்டும். ஊசிக்கு ஊசி என்றே சொல்வோம். புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

கடைசியாக, 'குளிர்காற்று உள்ளிழுப்பு' என்னும் சொல்லை மாற்றும்படி வேண்டுகிறேன். அந்தக் குழாய் காற்றைக் குளிர்விப்பதில்லை. பானெட்டுக்குள் சூடேறிய காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். வெப்பநிலை 3 பாகை செல்சியஸ் கூடினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது என்பதால், 30 பாகை வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதே. 'வெளிக்காற்று ஏற்பு' என்றால் அது செய்யும் வேலை சரியாக விளங்கும்.

பட்டியலுக்கான விளக்கத்தை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "அகல்வாய்: கார்புரேட்டரின் காற்றுத்துளையில் பொருத்தப்படும், விளிம்பு வளைந்து விரிந்த வாய், நுழையும் காற்றோட்டம் விளிம்பிலிருந்து பிரியாமல் காப்பது." 'குட்டை' என்ற அடை எழுத்துநடைக்கு ஒவ்வாது என்று கருதுபவர்கள் 'குறு அகல்வாய்' என்பதை எண்ணிப்பார்த்துக் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். எனக்கு இரண்டும் உடன்பாடே.

அன்புடன்