தனிமைப்படுத்தப்பட்டதாகச் சொன்ன கோப்பு மறுநாளும் எச்சரிக்கையில் வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். வீட்டில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் விண்டோஸ் 11 கணினியில் பத்து நாட்களாக மூன்று விதமான எச்சரிக்கைகள் மாறி மாறி வருகின்றன. எதற்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறிய முடியாததால் கேட்கிறேன்.

முதலாவது, திரையின் வலது கீழ் மூலையில் சிறு பெட்டியாக வருகிறது. கணினியில் ஐந்து வைரஸ்கள் இருப்பதாகவும், பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டதால் உடனே புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாங்கள் எந்தச் சந்தாவும் கட்டியதில்லை. இரண்டாவது, விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் காட்டுவது. ‘ட்ரோஜன்:வின்32/வகாட்டாக்.பி!எம்எல்’ என்ற பெயரும், ‘கடுமையானது’ என்ற குறிப்பும், கோப்பு தனிமைப்படுத்தப்பட்டுவிட்டது என்ற செய்தியும் அதில் இருக்கின்றன. அப்படிச் சொன்ன பிறகும் அதே பெயர் மறுநாள் வந்து நிற்கிறது. மூன்றாவது, என் மகன் ஓர் ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவ முயன்றபோது, விண்டோஸ் கணினியைப் பாதுகாத்துவிட்டது என்று நீலப் பெட்டி ஒன்று வந்து தடுத்தது.

என் தந்தையின் மருத்துவ அறிக்கைகள் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. வங்கி வேலையையும் இதிலேதான் செய்கிறேன். ஆகவே தெளிவான பதில் கிடைத்தால் நிம்மதியாக இருக்கும்.

பதில் 1

எச்சரிக்கை என்ன சொல்கிறது என்பதைப் படிப்பதற்கு முன்னால் அதைச் சொல்வது யார் என்று பாருங்கள். உங்கள் மூன்று எச்சரிக்கைகளும் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை; முதலாவது பாதுகாப்பு மென்பொருளிடமிருந்து வருவதே அல்ல.

அந்தச் சிறு பெட்டியை அழுத்தாமல் உற்றுப் பாருங்கள். அதில் உங்கள் உலாவியின் பெயரும், அதனருகே ஏதோ ஓர் இணையதள முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். எப்போதோ ஒரு தளம் ‘அறிவிப்புகளை அனுப்பலாமா’ என்று கேட்டபோது, வீட்டில் யாரோ ஒருவர் கவனிக்காமல் ‘அனுமதி’ என்பதை அழுத்தியிருக்கிறார். அந்த அனுமதியைக் கொண்டுதான், அந்தப் பக்கம் மூடியிருக்கும்போதுகூட, அது தன் விளம்பரத்தை வைரஸ் எச்சரிக்கையைப் போல உடுத்தி அனுப்புகிறது. உலாவியின் அமைப்புகளில் தள அனுமதிகள் என்ற பகுதிக்குச் சென்று, அறிவிப்புகளுக்கு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் உங்களுக்குத் தெரியாதவற்றை நீக்கினால் அன்றோடு நின்றுவிடும். டிஃபெண்டர் விண்டோஸின் ஒரு பகுதி. அதற்குச் சந்தா கிடையாது, ஆகவே அது சந்தாவைப் புதுப்பிக்கும்படி ஒருபோதும் கேட்காது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொன்று திரை முழுவதையும் மறைத்து, ஒலி எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொல்லும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. அப்படி ஒன்று வந்தால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை நிறுத்திவிடுங்கள். மறுபடி உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம். வீட்டில் யாராவது அத்தகைய எண்ணை அழைத்துப் பேசினார்களா, அவர்கள் சொன்னபடி ஏதேனும் நிறுவினார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

பதில் 2

இரண்டாவது எச்சரிக்கை உண்மையானது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த நீண்ட பெயர் ஒரு முகவரியைப் போன்றது. வைரஸ் ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டில் வகுத்த ‘காரோ’ என்னும் பெயரிடும் முறையைத்தான் மைக்ரோசாஃப்ட் பின்பற்றுகிறது. முதலில் வருவது வகை, அதாவது நல்ல நிரலைப் போல வேடமிட்டு வரும் தீங்கு நிரலான ட்ரோஜன். அடுத்து வரும் ‘வின்32’, அது எந்த இயங்குதளத்தில் இயங்கும் என்பதைக் குறிக்கிறது, இங்கே விண்டோஸ். பிறகு குடும்பப் பெயரும் அதன் திரிபும். கடைசியில் வியப்புக்குறியை அடுத்து வரும் ‘எம்எல்’ என்பதுதான் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி. ஏற்கெனவே பிடிபட்ட ஒரு கோப்போடு இது அச்சாகப் பொருந்துகிறது என்று டிஃபெண்டர் சொல்லவில்லை. இயந்திரக் கற்றல் முறையில் பயிற்றப்பட்ட ஒரு கணிப்பு, இந்தக் கோப்பின் அமைப்பு தீங்கானவற்றை ஒத்திருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறது. இத்தகைய முடிவு பிழையாவதற்கு வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு கோப்பு நல்லது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ‘கடுமையானது’ என்ற சொல், அந்த வகை நிரல் இயங்கினால் என்ன செய்யக்கூடும் என்பதைக் குறிக்கிறது. உங்கள் கணினியில் அது ஏற்கெனவே ஏதோ செய்துவிட்டது என்று பொருள் அல்ல.

அது ஏன் திரும்பி வருகிறது என்பதற்கான விடை பெயரில் இல்லை, கோப்பு இருக்கும் பாதையில் இருக்கிறது. விண்டோஸ் பாதுகாப்பில் ‘பாதுகாப்பு வரலாறு’ என்பதைத் திறந்து, அந்தப் பதிவின் விவரங்களில் பாதிக்கப்பட்டவை என்ற இடத்தில் உள்ள முழுப் பாதையையும், ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் எழுதுங்கள்.

பதில் 3

பெயரின் கடைசியில் எம்எல் என்று இருந்தால் பெரும்பாலும் பொய்யான எச்சரிக்கைதான். 2022 செப்டம்பரில் டிஃபெண்டர் குரோம் உலாவியையே வைரஸ் என்று காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும்.

பதில் 2, மீண்டும்

மேலே நண்பர் சொன்ன 2022 நிகழ்வு உண்மை. ஆனால் அன்று நடந்ததையும் இங்கே நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று எல்லோரும் அறிந்த மென்பொருள்கள், மிகப் பலரின் கணினிகளில், ஒரே நேரத்தில் பிடிபட்டன. தீங்கு நிரல்களை அடையாளம் காண டிஃபெண்டர் வைத்திருக்கும் வரையறைகளுக்கு அடுத்து வந்த புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. இங்கே ஒரே வீட்டில், யாரும் அறியாத ஒரு கோப்பு பிடிபட்டிருக்கிறது. விலக்குப் பட்டியலில் ஒரு கோப்புறையைச் சேர்த்தால், இனி அதில் வந்து விழும் எதையும் டிஃபெண்டர் சோதிக்காது. தீங்கு நிரல்கள் பல, உள்ளே நுழைந்ததும் தாமாகவே செய்துகொள்ளும் வேலையும் இதுதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உங்கள் கணினியின் விலக்குப் பட்டியலையும் ஒருமுறை திறந்து, நீங்கள் சேர்க்காதது எதுவும் அங்கே இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐயம் இருந்தால் முதலில் வரையறைகளைப் புதுப்பித்து மறுபடி சோதியுங்கள். பிறகும் ஐயம் தீரவில்லையென்றால் வைரஸ்டோட்டல் தளம் இருக்கிறது. ஒரே கோப்பை வெவ்வேறு பாதுகாப்பு நிறுவனங்களின் 70க்கும் மேற்பட்ட வைரஸ் சோதனைப் பொறிகள் சோதித்துச் சொல்லும். ஓரிரு பொறிகள் மட்டும் பொதுவான பெயரில் ஐயப்படுவதற்கும், முன்னணிப் பொறிகள் பலவும் ஒரே குடும்பப் பெயரைச் சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. அங்கே ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகின்றன. ஆகவே தந்தையின் அறிக்கை போன்ற சொந்த ஆவணம் எதையும் ஏற்றாதீர்கள்.

கேட்டவர்

முகவரியைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே உலாவியின் பெயர்தான் இருந்தது. தெரியாத இரண்டு தளங்களை நீக்கினேன், பெட்டி வரவில்லை. தொலைபேசியில் யாரும் பேசவில்லை.

டிஃபெண்டர் காட்டும் பாதை ‘டெம்ப்’ என்ற தற்காலிகக் கோப்புறையில் இருக்கிறது. பாதையின் நடுவில் ஒரு ஜிப் கோப்பின் பெயர் வருகிறது. நேரங்கள் எல்லாமே மாலை ஆறு, ஏழு மணி. அந்த ஜிப் பதிவிறக்கக் கோப்புறையில் இருந்தது; ஒரு விளையாட்டின் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் நிரல். மகனிடம் கேட்டேன். திறக்க மறுக்கிறது என்று நினைத்து அவன் தினமும் மாலையில் அதை அழுத்திப் பார்த்திருக்கிறான்.

பதில் 2, மீண்டும்

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. ஜிப்பைத் திறந்து உள்ளிருக்கும் நிரலை அழுத்தும்போது, விண்டோஸ் அதைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்து வைக்கிறது. டிஃபெண்டர் அந்தப் பிரதியைப் பிடித்துத் தனிமைப்படுத்துகிறது. மூலமான ஜிப் அப்படியே இருப்பதால் மறுநாள் புதிய பிரதி பிறக்கிறது. ஜிப்பை அழித்து, மறுசுழற்சிப் பெட்டியையும் காலி செய்யுங்கள். பூட்டை உடைக்கும் நிரல்களைத் தீங்கு நிரல் பரப்புவோர் நெடுங்காலமாகத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இதைப் பொய்யான எச்சரிக்கை என்று நான் கருதவில்லை. அதன் பிறகு டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன்’ சோதனையை ஒருமுறை நடத்துங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடங்கள் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை முன்னதாகவே சேமித்துக்கொள்ளுங்கள்.

பதில் 1, மீண்டும்

விடுபட்ட நீலப் பெட்டியைப் பற்றி: அது ஸ்மார்ட்ஸ்கிரீன். கோப்பில் தீங்கைக் கண்டதாக அது சொல்லவில்லை. இந்தக் கோப்பு இன்னும் பரவலாக அறியப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. புதிதாக எழுதப்பட்ட நல்ல மென்பொருளுக்கும் வரும். அந்த ஒலிப்பதிவு மென்பொருளை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மீண்டும் பதிவிறக்கி, கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்

ஜிப்பை அழித்தேன், ஆஃப்லைன் சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு வரலாற்றில் அந்தப் பெயர் இன்னும் தெரிகிறது. வங்கிக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா?

பதில் 2, மீண்டும்

அது நடந்தவற்றின் பதிவு. கோப்பு இன்னும் இருக்கிறது என்பதல்ல. அதிலுள்ள தேதி இன்றையதா என்று மட்டும் பாருங்கள். கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றின் நிலையும் ‘தனிமைப்படுத்தப்பட்டது’ என்றுதானா, ஏதேனும் ஒன்று ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட அச்சுறுத்தல்கள் என்ற பட்டியல் தனியாகவும் இருக்கிறது. அங்கே ஒரு பதிவு இருந்தாலும், மகன் டிஃபெண்டரைச் சிறிது நேரம் நிறுத்தியிருந்தாலும், அந்த நிரல் இயங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, இந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் இரண்டின் கடவுச்சொற்களையும் இன்றே மாற்றிவிடுங்கள்.